கரிக்கம்பளிக்கு நடந்த ஆயுத பூசை

உட்காருங்க. ஸ்டூல் கிடைக்காதவன் வாளியைக் கவுத்துப் போட்டு உட்காரு, பாய்லர் ஹவுஸ்ல அதுதான் நாற்காலி. நீலாய்ல புது ஃபேக்டரி, புது பாய்லர், எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்கும்னு பாய்லர் வேலைக்குப் புதுசா சேந்த உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. பாத்துக்கட்டும்லா, எனக்கென்ன வந்துச்சு. வால்வை எப்படித் திறக்கிறது, தண்ணி மட்டம் எப்படிப் பாக்கிறதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அதுக்குப் புத்தகம் இருக்கு. நான் சொல்லப் போறது ஒரே ஒரு நாள்ல நடந்தது. புத்தகத்துல தேடாதீங்க, கிடைக்காது.

எழுபதுகள்ல ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துல, கித்தாங்கிற ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காய வைக்கிற புகைவீட்டுல விறகு தள்ளுற ஆளா நான் வேலைக்குச் சேந்தேன். தள்ளித் தள்ளியே படிச்சு, பாய்லர் ஓட்டுற ரெண்டாம் கிரேடு ஸ்டீம் லைசென்ஸ் வாங்கினேன். அப்புறம் தோட்டம் கித்தா மரத்தை வெட்டிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுச்சு. தொண்ணூறுகள் பொறந்த சமயம், பழைய ஆலையை ஒரு முதலாளி எடுத்து ரப்பர் கையுறை செய்யிற ஃபேக்டரியா மாத்தினாரு, அவருதான் எங்க தவுக்கே. மரத்துல பால் வெட்டப் போன பொம்பளைங்க எல்லாம் தொப்பி போட்டுக்கிட்டு அச்சுலேர்ந்து கையுறை உருவப் போனாங்க. தொழிலாளி வீடுங்க வரிசையா நிக்கிற லயத்துல பாதி வீட்டுல உலை கொதிச்சது அந்தச் சம்பளத்துலதான். பாய்லருக்கு நான் பொறுப்பாளி. என் கீழ நாலு பேரு.

அந்த பாய்லர் எரிச்சது கறுப்பு எண்ணெய். அதுல கந்தகம் ஜாஸ்தி. புகை தாழ்ந்து இறங்குற நாள்ல கண்ணு எரியும், தொண்டை கமறும், கொடியில காயப் போட்ட வெள்ளைச் சட்டையில புள்ளி புள்ளியா விழும். சிம்னிக்கு நேர் பின்னாடி ஆயாக் கொட்டகை. வேலைக்குப் போற தாய்மாருங்க பிள்ளைங்களை விட்டுட்டுப் போற இடம். என் மூணு வயசு மகளும் அங்கதான் கிடந்தா. நான் ஊதுற புகையில என் பிள்ளையே இருமுறதைக் கேட்டுக்கிட்டு வேலை பாக்கிறது இருக்கே, அது ஒரு தகப்பனுக்கு வரக் கூடாத வேதனை தம்பி.

ஒரு நாள் அரசாங்க ஆபீசர் வந்து சிம்னியில குழாய் விட்டு அளந்தாரு. புகையைச் சுத்தம் பண்ணு, இல்லன்னா பாய்லரை மூடுன்னு கெடு வச்சிட்டுப் போயிட்டாரு. பாய்லரை மூடினா ஃபேக்டரியே மூடின மாதிரி. தவுக்கே அங்க இங்க விசாரிச்சு ஒரு இஞ்சினியர் பொண்ணைக் கூட்டியாந்தாரு. செரம்பான் டவுன்ல மூணு தலைமுறையா கடை வச்சிருந்த குடும்பத்துப் பொண்ணு, வெளிநாட்டுல படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினது. டாக்டரம்மா வந்திருக்காங்கன்னு யாரோ லயத்துல சொல்லிட்டான். மறுநாள் காலையில ஃபேக்டரி கேட்டுல இருமல்காரங்க வரிசை கட்டி நிக்கிறாங்க! அந்தப் பொண்ணு சிரிக்கல. ஒவ்வொரு பிள்ளையா பாத்து, எத்தனை நாளா இருமுது, எந்தப் பக்கத்து வீடுன்னு நோட்டுல குறிச்சுக்கிச்சு. எனக்கு அன்னைக்கே அதுமேல மரியாதை வந்துருச்சு.

அது கொண்டாந்த சாமான்தான் கரிக்கம்பளி. பேரு நாங்க வச்சது. அடுப்புக்கரி இல்ல. நூல் மாதிரி இழையைக் கரியாக்கி, அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்கா உண்டாக்கி, கம்பளியா தட்டியிருப்பாங்க. புகையில உள்ள கந்தகம் அந்த ஓட்டைக்குள்ள மாட்டிக்கும். தண்ணி தெளிச்சா ஆசிட் தண்ணியா வடிஞ்சிரும், அதைச் சுண்ணாம்புத் தொட்டியில விட்டுருவோம். ஜன்னல் கதவு அளவுல இருபத்தி நாலு சட்டம். ஒவ்வொண்ணுலயும் இந்தக் கம்பளி. எல்லாத்தையும் ஒரு தகரக் கூண்டுக்குள்ள வரிசையா மாட்டினோம். குழாய் பிரியிற இடத்துல ஒரு தகட்டுக் கதவு. அதோட கைப்பிடியை இந்தப் பக்கம் திருப்பினா புகை நேரா சிம்னிக்குப் போகும். அந்தப் பக்கம் திருப்பினா தண்ணித் தூறல்ல நனைஞ்சு, சூடு தணிஞ்சு, கரிக்கம்பளி வழியா போகும்.

முதல் தடவை திருப்பி விட்டப்ப நான் வெளியே ஓடிப் போய் சிம்னியைப் பாத்தேன். மூக்கை உறிஞ்சு உறிஞ்சு பாத்தேன். நெடி இல்ல! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, இதுல என்ன வெக்கம்.

அதுக்கப்புறம் எனக்குத் தலைக்கனம் ஏறிப் போச்சு. கூண்டுச் சாவி என் இடுப்புல. வேற யாரும் தொடக் கூடாது. யாராவது பாக்க வந்தா ஒரு சட்டத்தை உருவி, ரெண்டே விரலால தூக்கிக் காட்டுவேன். அவ்வளவு லேசு, இலவம் பஞ்சு கெட்டுது போ. "இதுதான் அவ்வளவு புகையையும் முழுங்குது, பாத்துக்குங்க"ன்னு சொல்லி மீசையை முறுக்குவேன். டாக்டரம்மா ஒண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுச்சு: "அண்ணே, கழுவணும்னா தண்ணி மட்டும். எண்ணெய் வகை எதுவும் கிட்டவே வரக் கூடாது." கூண்டு மேல இங்கிலீஷ்ல ஒட்டியும் வச்சுச்சு. நான் சரி சரின்னு தலையாட்டினேன். என் ஆளுங்க நாலு பேருக்கும் அதை நான் சொன்னேனா? சொல்லல. மறதி இல்ல தம்பி. எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்னு ஒண்ணு இருக்கட்டுமேங்கிற புத்தி. அவ்வளவுதான்.

ஆபீசர் மறுபடி அளக்க வர்ற நாள் விஜயதசமியில வந்து விழுந்துச்சு. நல்ல நாள்னு நான் குதிச்சேன். முதல் நாள் ஆயுத பூசை. நம்ம ஆளுங்க ஆயுத பூசைக்கு என்ன செய்வாங்க? மெஷினைப் பிரிச்சு, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, பளபளன்னு ஆக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டுவாங்க. என் அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். நான் சாமான் வாங்க ரந்தாவ் பசாருக்குக் கிளம்பற அவசரத்துல, என் நாலு ஆள்ல ஒருத்தரான தங்கராசு அண்ணன் கையில சாவிக்கொத்தைக் குடுத்தேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவரு, தமிழ் மட்டும் படிப்பாரு, வேலையில சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். "அண்ணே, நாளைக்கு ஆபீசர் துவான் வர்றாரு. ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. புதுசையும் சேத்துத் துடைச்சிருங்க"ன்னேன். இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

விஜயதசமி காலையில ஆபீசர் வந்துட்டாரு. மலாய்க்காரரு, நல்ல மனுஷன், ஆனா கறாரு. தவுக்கே புதுச் சட்டை போட்டு நிக்கிறாரு. டாக்டரம்மா புகை அளக்கிற மெஷினை எல்லாம் சிம்னி பக்கத்துல மாட்டிக்கிட்டு இருக்குது. பாய்லர் ஏழு மணியிலிருந்தே ஓடுது, புகை பழைய பாதையில போகுது. ஒம்பது மணிக்கு கைப்பிடியைத் திருப்பணும். பாய்லர் ஹவுஸ் முழுக்க மண்ணெண்ணெய் வாடையும் கற்பூர வாடையும். கூண்டுகிட்ட மட்டும் ஒரு வாடையும் இல்ல. நான் விடுவேனா? "பாருங்க துவான், என் கம்பளி மண்ணெண்ணெய் வாடையைக்கூட விட்டு வைக்கல"ன்னு பெருமையடிச்சுக்கிட்டு, ஒரு சட்டத்தை உருவி, வழக்கம்போல ரெண்டு விரலால தூக்கினேன்.

வரல.

இன்னொரு கையையும் போட்டுத் தூக்க வேண்டியதாப் போச்சு. நனைஞ்ச கோணிச் சாக்கு மாதிரி கனக்குது. ஆபீசர் புருவத்தைத் தூக்கினாரு. என் வாய் என்னைக் கேக்காமலே சொல்லுச்சு: "ஈரம் துவான். கழுவினது." அவரும் தலையாட்டிட்டு சிம்னி பக்கம் போயிட்டாரு. அடுத்த மாசம் எனக்கு முதல் கிரேடு பரீட்சை. அந்தப் பேரு கெட்டுறக் கூடாதேங்கிற பயம், பொய்யை எவ்வளவு லேசா கொண்டாருது பாத்தீங்களா.

தங்கராசு அண்ணனைத் தனியா இழுத்துட்டுப் போனேன்.

"அண்ணே, கம்பளியை எதால துடைச்சீங்க?"

"மண்ணெண்ணெய்தான். வேற எதால?" அவரு முகத்துல ஒரே சந்தோஷம். "சட்டம் மாத்திச் சட்டம் எல்லாத்தையும் துடைச்சேன் தம்பி. ஆனா என்ன அழுக்கோ, எவ்வளவு துடைச்சாலும் கறுப்பு போகவே மாட்டேங்குது. டின்னு டின்னா குடிச்சிருச்சு."

கறுப்புக் கம்பளியில கறுப்பு எப்படிப் போகும்! இப்ப நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அன்னைக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்த மனுஷன் சாமிக்குச் செய்யிற மாதிரி செஞ்சிருக்காரு. கரிக்கம்பளி வாடையை உள்ள பூட்டி வச்சிருக்கு, அதான் மூக்குக்குத் தெரியல. அதுமேல இப்ப சுடுபுகையைத் திருப்பி விட்டா? தண்ணித் தூறல் சூட்டைத் தணிக்கும்தான். ஒரு பொறி, ஒரே ஒரு பொறி தப்பி வந்தா போதும். அந்தக் கூண்டுக்கும் ஆயாக் கொட்டகைக்கும் நடுவுல ஒரு வேலிதான்.

தவுக்கேகிட்ட போய்ச் சொன்னேன். அவரு வாட்சைப் பாத்தாரு, ஆபீசரைப் பாத்தாரு, என் காதுகிட்ட வந்தாரு. "ராமையா, கொஞ்ச நேரம் தானே அளக்கப் போறாங்க. மெதுவா திருப்பு. ஒண்ணும் ஆகாதுலா."

"ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா தவுக்கே?"

"இன்னைக்கு ஃபெயில்னா ஃபேக்டரி க்ளோஸ். அது எனக்குத் தெரியும்."

அதுவும் உண்மைதான். அதனாலதான் ஒரு நிமிஷம் நானும் தடுமாறினேன். அப்ப அந்தப் பழைய புகைவீடு ஞாபகத்துக்கு வந்துச்சு. ஒரு நாள் ஒரே ஒரு கித்தா ஷீட்டு நழுவிக் கீழ நெருப்புல விழுந்துச்சு. ஓடுங்கடான்னு கத்தி முடிக்கிறதுக்குள்ள கூரை இல்ல. வாசல்ல நின்னவருக்கு ரெண்டு கையும் வெந்து போச்சு. அவரு பேரைச் சொல்ல மாட்டேன், அவரு பிள்ளைங்க இன்னும் ரந்தாவ்லதான் இருக்காங்க.

நான் ஸ்பேனரை எடுத்தேன். தகட்டுக் கதவோட கைப்பிடியைக் கழட்டினேன். கழட்டி, ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு, கைப்பிடியை மடியில வச்சுக்கிட்டு உட்காந்துட்டேன். தவுக்கே கத்தினாரு. கத்தட்டும். கைப்பிடி இல்லாம எவன் திருப்புவான்?

சத்தம் கேட்டு ஆபீசரும் டாக்டரம்மாவும் ஓடி வந்தாங்க. எந்திரிச்சு நின்னு சொன்னேன். "துவான், ஈரம்னு சொன்னது பொய். கம்பளி முழுக்க மண்ணெண்ணெய். திருப்பினா பத்திக்கும்."

டாக்டரம்மா ஒரு சட்டத்தை இழுத்துத் தூக்கிப் பாத்துட்டு, அப்படியே கீழ வச்சுச்சு. என்னைத் திட்டும்னு நினைச்சேன். "புதுக் கம்பளிச் சுருள் ஒண்ணு ஸ்டோர்ல பிரிக்காம கிடக்கு அண்ணே"ன்னுச்சு. அவ்வளவுதான். அழுது புலம்பல, யாரு எவருன்னு கேக்கல. அந்தப் பொண்ணுகிட்ட நான் கத்துக்கிட்டது அதுதான். நெருக்கடியில முதல் கேள்வி, என்ன இருக்கு கையிலங்கிறது. யாரு செஞ்சாங்கிறது சாயங்காலத்துக்கு.

ஆபீசர் சொன்னாரு: "நாளைக்கு நான் கெமாஸ்ல இருக்கணும். திரும்ப தேதி கிடைக்க மாசக் கணக்கு ஆகும். கெடு இன்னையோட முடியுது. அஞ்சு மணிக்கு நான் வண்டி ஏறிருவேன். அதுக்குள்ள என்ன செய்வீங்களோ செய்யுங்க."

சுருளை வெட்டணும், ஓரம் மடிச்சுத் தைக்கணும், சட்டத்துல இழுத்துக் கட்டணும். முதல்ல தைச்சு வந்தது செரம்பான் பட்டறையில, ஒரு வாரம் எடுத்தாங்க. எங்களுக்கு இருந்தது அரை நாள். நான் பேக்கிங் பக்கம் ஓடினேன். அங்க பொன்னம்மாக்காதான் தலைவி. விஷயம் எனக்கு முன்னாடியே அங்க போயிருச்சு.

"ஏன் ராமையா, நல்ல நாளும் அதுவுமா எங்களை எல்லாம் கொளுத்தப் பாத்தியாமே?"

"திட்டு அக்கா, நல்லா திட்டு. ஆனா தையல் மெஷின் வேணும். எத்தனை கிடைக்கும்?"

"தீபாவளி வருது. லயத்துல வீட்டுக்கு வீடு ஜாக்கெட்டுத் தச்சுக்கிட்டு இருக்காளுங்க. இரு."

அந்தம்மா போட்ட சத்தத்துல அரை மணி நேரத்துல எட்டு மெஷின் வந்துச்சு. தலையில தூக்கிக்கிட்டு வந்தாங்க, கை வண்டியில தள்ளிக்கிட்டு வந்தாங்க, ஒருத்தி புருஷனோட மோட்டார் சைக்கிள்ல வச்சுக் கட்டிக்கிட்டு வந்தா. எல்லா மெஷின்லயும் முதல் நாள் பூசைச் சந்தனம் காயாம இருக்கு. பூசைக்குப் புதுசா எண்ணெய்யும் போட்டு வச்சிருக்காளுங்க! எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கிட்டு இருக்கல. ஒவ்வொரு மெஷின்கிட்டயும் போய், ஒவ்வொருத்தி கண்ணையும் பாத்துச் சொன்னேன்: "அக்கா, இந்தக் கம்பளிக்கு எண்ணெய் ஆகாது. ஒரு சொட்டுக்கூட. தங்கச்சி, கையைக் கழுவிட்டு வா. தலையில எண்ணெய் வச்சிருக்கியா, துணியைக் கட்டு." எட்டுப் பேருக்கும் எட்டுத் தடவை. தொண்டை வத்திப் போச்சு. ஒருத்தி கேட்டா, "ஏண்ணே ஆகாது?" அதுக்கும் பதில் சொன்னேன். அந்த ஓட்டைங்க கதையைச் சொன்னேன். "அட, இவ்வளவுதானா, இதை முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே காவல் இருந்திருப்போமே"ன்னா. சுருக்குன்னு இருந்துச்சு எனக்கு.

டாக்டரம்மா தரையில உட்காந்து அளந்து வெட்டுது. பொம்பளைங்க தைக்கிறாங்க. மூஞ்சி, கை, புடவை எல்லாம் கரி. தங்கராசு அண்ணன் பழைய கம்பளியை எல்லாம் உருவி, ஆள் நடமாட்டமில்லாத செம்பனைப் பக்கம் கொண்டு போய் ஒதுக்கிட்டு, சட்டங்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டே இருந்தாரு. ஒவ்வொரு சட்டத்தையும் கழுவி, மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்து, மறுபடி கழுவினாரு.

சுருள் இருபது சட்டத்துக்குத்தான் வந்துச்சு. நாலு குறையுது. "குறைஞ்ச இடத்தைத் தகரம் வச்சு அடைச்சிரலாம், சின்னத் தீயில ஓட்டலாம், அளவு நல்லா வரும்"னு தவுக்கே சொன்னாரு. டாக்டரம்மா என்னைப் பாத்துச்சு. "அடைக்கலாம். ஆனா முழுத் தீயிலதான் ஓட்டணும் அண்ணே. நாளைக்கும் முழுத் தீயிலதானே ஓட்டப் போறீங்க?" நான் ஆமாம்னேன். ஆபீசர்கிட்டயும் நாலு சட்டம் குறையுதுன்னு அதுவே போய்ச் சொல்லிருச்சு.

நாலு மணிக்குக் கைப்பிடியை மறுபடி மாட்டினேன். பொம்பளைங்க யாரும் வேலைக்குத் திரும்பல, எல்லாரும் வெளியே நின்னு சிம்னியைப் பாக்கிறாங்க. முழுத் தீ. திருப்பினேன். ஆபீசர் மெஷினையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஒரு தடவை எழுதினாரு. மறுபடி எழுதினாரு. மூணாவது தடவை எழுதிட்டு, பேனாவை மூடி, "லுலுஸ்"னாரு. பாஸ்! பொன்னம்மாக்கா போட்ட குலவைச் சத்தம் லயம் வரைக்கும் கேட்டுச்சாம். தவுக்கே யாரு கையைப் பிடிக்கிறோம்னு தெரியாம எல்லாரு கையையும் பிடிச்சுக் குலுக்கினாரு. அந்த இருபது சட்டத்தையும் தச்சவங்க என் தோட்டத்துப் பொம்பளைங்க. இப்ப நினைச்சாலும் நெஞ்சு நிமிருது எனக்கு.

எல்லாம் அடங்கினதும் ஆபீசர் ஃபாரத்தை மேசையில விரிச்சாரு. "டெஸ்ட் ஏழு மணி நேரம் தள்ளிப் போயிருக்கு. காரணம் எழுதணும். யாரு பொறுப்பு?"

தவுக்கே முந்திக்கிட்டாரு. கையை நீட்டி, "அந்தக் கிழவன் துவான்"னாரு. தங்கராசு அண்ணன் கரிக் கையோட சுவத்தோரம் நிக்கிறாரு. வேலை போனா லயத்து வீடும் போகும். அந்த வயசுல எங்க போவாரு?

நான் மேசைகிட்டப் போனேன். "எழுதுங்க துவான். பாய்லர் பொறுப்பாளி ராமையா, எண்ணெய் ஆகாதுன்னு தெரிஞ்சிருந்தும் தன் ஆளுங்களுக்குச் சொல்லல."

அவரு பேனாவைக் கீழ வச்சிட்டாரு. "ராமையா, இதோட ஒரு காப்பி லைசென்ஸ் இலாகாவுக்குப் போகும். அடுத்த மாசம் உனக்கு முதல் கிரேடு பரீட்சைன்னு சொன்னியே?"

"ஆமா துவான்."

"எழுதட்டுமா?"

"எழுதுங்க."

எழுதினாரு. வெளியே வந்ததும் தங்கராசு அண்ணன் என் தோளைப் பிடிச்சுத் திருப்பினாரு. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. "ஏன்டா? துடைச்சது நான்தானே?"

"துடைக்கச் சொன்னது நான்தானே அண்ணே."

பரீட்சைக்குக் கூப்பிடவே இல்ல. அடுத்த வருஷமும் இல்ல. அப்புறம் நானும் கேக்கல. தங்கராசு அண்ணன் வேலையில இருந்துதான் ரிட்டையர் ஆனாரு, மாலை போட்டு அனுப்பி வச்சோம். இன்னைக்கு உங்க சூப்பர்வைசர் என்னை ரெண்டாம் கிரேடு ராமையான்னு சொல்லி வச்சப்ப, பின்னாடி ரெண்டு பேர் வாயைப் பொத்திச் சிரிச்சீங்க. கேட்டுச்சு எனக்கு, காது நல்லாத்தான் இருக்கு. சிரிங்க. அந்த ரெண்டாம் கிரேடு சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு, வீட்டு ஹால்ல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கேன். முதல் கிரேடு உங்க எல்லாருக்கும் கிடைக்கும். பரீட்சை எழுதினா குடுப்பாங்க. ரெண்டாம் கிரேடுங்கிற இந்தப் பேரை நான் வாயைத் திறந்து சொல்லி வாங்கினேன்.